ஓவிய வகுப்பைப் பறிப்பவர்கள்

நம் பள்ளிகளின் கால அட்டவணையில் ஓவியத்துக்கென ஒரு பாடவேளை இருக்கும். கணிதமோ அறிவியலோ ‘போர்ஷன்’ முடியவில்லையென்றால் முதலில் பலியாவது அதுதான். அதே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கட்டடக்கலை படிக்க விரும்பினால், ‘நேட்டா’ நுழைவுத்தேர்வில் வரைதலையும் வடிவக் கற்பனையையும் கேட்கிறார்கள். பத்தாண்டுகள் மறுத்ததைச் சில வாரங்களில் புகட்டப் பயிற்சி மையங்கள் கடை விரித்திருக்கின்றன. பறித்தவர்களும் பெற்றோர்தம் பணத்தைக் கொட்டுபவர்களும் ஒன்றாக நின்று ‘பிள்ளைக்கு ஆர்வம் போதாது’ என்கிறோம்!

ஆர்வம் எங்கிருந்து வரும்? சுவிட்சர்லாந்தில் லா ஷோ-த-ஃபோன் என்றொரு கடிகாரத் தொழில் நகரம். அங்கிருந்த கலைப்பள்ளியில், கடிகாரக் கூடுகளில் சித்திரம் செதுக்கும் தொழிலைக் கற்க ஒரு சிறுவன் சேர்ந்தான். அவனுடைய ஆசிரியர் ஷார்ல் லெப்லாத்னியே, மாணவர்களை ஜூரா மலைக்காடுகளுக்கு அழைத்துப்போய் ஊசியிலை மரங்களை வரையச் செய்தார். பார்த்ததைப் படியெடுத்தால் அவருக்குப் போதாது; மரம் எப்படி வளர்ந்திருக்கிறது, கிளைகளின் அடுக்குக்குள் எந்த வடிவியல் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். ஓவியனாக விரும்பிய அந்தச் சிறுவனைக் கட்டடக்கலையின் பக்கம் தள்ளியவரும் அவரே. பள்ளியோடு தொடர்புடைய ஃபாலே என்பவரின் வீட்டை வடிவமைக்கும் வேலை கைக்கு வந்தபோது மாணவனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அனுபவமுள்ள கட்டடக்கலைஞர் ஒருவர் துணை நின்றார். சக மாணவர்களும் அலங்கார வேலையில் சேர்ந்துகொண்டனர். காட்டில் வரைந்த ஊசியிலை மரம் அந்த வீட்டின் முகப்பில் முக்கோணங்களாக ஏறியது. மாணவன் பிற்பாடு லெ கொர்பூசியே என்ற பெயரில் அறியப்பட்டார், சண்டிகரைத் திட்டமிட்டவர்.

‘அவர் மேதை, எப்படியும் வந்திருப்பார்’ என்று ஒரு பதில் தயாராக இருக்கும். இளவயதில் கட்டடக்கலையில் தமக்கு விருப்பமே இருந்ததில்லை என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கும்போது இந்தப் பதிலை எப்படி ஏற்பது?

நம் நிலை என்ன? 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி முதலியவற்றுக்காக 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள், அப்போது மாதம் 5,000 ரூபாய். காட்டுக்கு அழைத்துப்போவது இருக்கட்டும், வண்ணப்பெட்டி வாங்கவாவது அந்தச் சம்பளம் கட்டுமா? ‘படைப்பாற்றல்’ என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப்படும் தெர்மாகோல் வீடுகளைப் பற்றி எழுதவே கூசுகிறது. அவற்றைச் செய்பவர்கள் அப்பாக்களும் கடைக்காரர்களும்.

ஓவிய ஆசிரியர் இல்லையென்றால் தமிழாசிரியர் இருக்கிறாரே. நெடுநல்வாடையில், நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் சிற்பநூல் அறிந்தவர்கள் கயிறிட்டுத் திசை குறித்து அரண்மனைக்கு மனை வகுக்கிறார்கள். இதை அருஞ்சொற்பொருளாகவும் இலக்கணக் குறிப்பாகவும் நறுக்கி மதிப்பெண்ணுக்குப் பரிமாறுவது எந்த நியாயம்? முற்றத்தில் ஒரு கோலை நட்டு, நிழல் மிகக் குறுகும் வேளையில் அதன்மேல் கயிறு பிடித்தால் வடக்கு தெற்கு தெரிந்துவிடும். அந்தக் கோட்டிலிருந்து தங்கள் வகுப்பறையைத் தரையில் சுண்ணாம்பால் வரையட்டும். வாசலை எங்கே வைத்தால் காற்று வரும் என்று சண்டையிடட்டும்.

பாடவேளையைக் கேட்டுக் கணித ஆசிரியர் வந்து நின்றால் மறுக்க வேண்டாம். பிள்ளைகள் வெளியே கயிறும் கையுமாக நிற்கிறார்கள். மூலை மட்டம் சரியாக வரவில்லை. அங்கே வந்து பிதாகரஸைச் சொல்லிக்கொடுக்கட்டும்.