பனடோலுக்கு அடங்காத தலையிடி



போன மாதம் பாலாவியில் எமது பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் ஒரு ராத்தா மட்டும் பாயின் ஓரத்திலேயே இருந்தார். கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கு நாள்கூலிக்குப் போகிறவர். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். கையில் கிளினிக் கொப்பி. (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

"தங்கச்சி, மூண்டு தரம் போயிட்டன். பிரஷர் பார்த்தாங்க, கண் பார்த்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. எனக்கு ஒண்டும் இல்லையாம். ஒண்டும் இல்லையெண்டா ஏன் இந்தத் தலை இப்பிடி இடிக்குது?"

மற்ற விஷயம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. முதல் நாள் மாலை சோறு அடிப்பிடித்துவிட்டதென்று மூத்த மகளை அகப்பைக் காம்பால் அடித்திருக்கிறார். பிள்ளையின் கையில் தடிப்பு. இரவு முழுக்க அழுதிருக்கிறார். "நான் கெட்ட உம்மா" என்றார்.

தலையிடிக்குப் பனடோல், அடித்ததற்கு அழுகை என்று இரண்டையும் அவர் வேறு வேறாகவே வைத்திருந்தார். எனக்கோ இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகப்பட்டது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்படிப் புத்தளத்துக்கு வந்து தங்கிவிட்டவர்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. வளர்ந்தவர்கள் 450 பேரிடம் விசாரித்தார்கள். 100 பேரில் ஏறத்தாழ 19 பேருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருந்தது. அதிர்ச்சியின் பின் வரும் மனவடு நோய்தான் கூடுதலாக இருக்கும் என்று நினைப்போம். அது 100க்கு 2, 3 பேரிடம்தான். காரணம் அகப்படாத உடல் நோவுகளோ 14 பேரிடம். தலையிடி, நாரி நோவு, நெஞ்சடைப்பு, கை கால் உளைவு என்று நாம் கிளினிக்கில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவது இதைத்தான். வேலையில்லாதவர்கள், துணையை இழந்தவர்கள் அல்லது பிரிந்தவர்கள், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ளவர்கள் ஆகியோரிடம் பாதிப்புக் கூட. அன்று பட்ட பாட்டோடு இன்றைய அடுப்படியும் சேர்ந்துதான் நம்மை வருத்துகிறது.

இது நடிப்பல்ல, "மனசில இருக்கிற நோவு" என்று ஒதுக்கிவிடக் கூடியதுமல்ல. ஆபத்து என்று கண்டால் மூளை உடம்பைத் தயார்ப்படுத்தும். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோடு நிற்கும், கழுத்தும் தோளும் தாடையும் இறுகும். ஓடித் தப்பினாலோ எதிர்த்து நின்றாலோ அந்த இறுக்கம் பிறகு விட்டுவிடும். ஆனால் குழுக் கடன் வசூலிக்க வருகிறவரைக் கண்டு ஓட முடியுமா? சிரித்துக்கொண்டு கதிரை எடுத்துப் போட வேண்டும். இறுக்கம் அப்படியே உள்ளே நிற்கும். பின்னேரம் தலையிடியாக வரும், இல்லையென்றால் கை ஓங்கிக்கொண்டு வரும். எதிர்த்துப் பேசமாட்டாது என்று தெரிந்த பிள்ளையின் மேல்தான் அது இறங்கும்.

எனக்கு இது புத்தகத்தில் மட்டும் படித்ததல்ல. நான் பாலாவியில் பிறந்தவள். உம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஒக்டோபர் மழை தொடங்கினால் எங்கள் வீட்டில் சட்டி பானைச் சத்தம் கூடிவிடும், நாங்கள் முற்றத்துக்கு ஓடிவிடுவோம். மழை உம்மாவுக்குப் பிடிக்காது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் விளங்கியது.

அதனால் ராத்தாவிடம் முதலில் ஒரு கொப்பி கேட்டேன். அவருக்கு எழுத்து அவ்வளவு வராது, மகள்தான் எழுதினாள்: தலை இடித்த நாள், நேரம், அதற்கு முன் நடந்தது. இரண்டு கிழமையில் தெரிந்துவிட்டது. கடன் கட்டும் நாளும் அதற்கு முதல் நாளும்தான் கூடுதலாக இடித்தது. மகளை அடித்ததும் அப்படியொரு நாளில்தான். சோற்றுக்கும் அந்த அடிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

பிறகு, கோபம் வந்தபின் அடக்குவதை விட்டு, அது வரும் வழியில் பிடிக்கப் பழகினோம். அவருக்கு முதலில் தாடை இறுகும், பிறகு காது சுடும். தாடை இறுகியதும் கையிலிருப்பதைக் கீழே வைப்பது. வெறுங்காலை நிலத்தில் அழுத்தி ஊன்றுவது. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவது. நீளமாக விடும் மூச்சு நெஞ்சுத் துடிப்பை ஆற்றும். பிறகு "எனக்கு இப்ப பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்வது. அவர் கோபம் என்று நினைத்திருந்ததற்குள் பாதி பயம்தான். முதல் கிழமை இதைக் கேட்டுச் சிரித்தார். "மூச்சு விட்டா கடன் போகுமா தங்கச்சி?" போகாது. அதை ஒளிக்கக் கூடாது. ஆனால் அகப்பை கீழே இருக்கும்.

தென் சூடானிலிருந்து உகண்டாவுக்கு ஓடிவந்த அகதிப் பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் ஏறக்குறைய இப்படியொரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தது. குழுவாக இருந்து ஒலிப்பதிவு கேட்டு, ஐந்து அமர்வுகளில் பழகினார்கள். 2020இல் வெளியான முடிவின்படி மூன்று மாதம் கழித்தும் அவர்களின் மனவேதனை குறைந்திருந்தது, கோபமும்கூட.

நம் பக்கத்தில் இதற்குக் குறுக்கே நிற்பது ஒரு சொல்: "ஸபர் செய்யுங்க." நல்ல சொல்தான். ஆனால் அதை "வாயை மூடு" என்ற பொருளில் பெண்களிடம் மட்டும் சொல்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை.

கடினமானது கடைசியில் வந்தது. மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றபோது, "பிள்ளையிட்ட கேட்டா மதிப்பு என்னாகும்?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அடுத்த கிழமை அவரே சொன்னார்: தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கேட்டாராம். மகள் ஒன்றும் சொல்லாமல் சாய்ந்துகொண்டாளாம்.

ஓர் எச்சரிக்கை. திடீரென்று தாங்க முடியாத தலையிடி, பார்வை மங்கல், ஒரு பக்கம் விறைப்பு என்று வந்தால் மனசைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது, பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றால் 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.

ராத்தாவின் கடன் இன்னும் இருக்கிறது. கட்டும் நாளை அவர் இப்போது மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்: "நாளைக்கு உம்மாட தலை சரியிருக்காது. சோத்தை நீ பார்த்துக்கொள்." சோறு போன கிழமையும் அடிப்பிடித்ததாம்.

நித்திரையைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் அதை எழுதுகிறேன்.