கேலக்டிகா 1980-ம் பழவங்காடிப் பிள்ளையாரும்

தலைப்பைப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்து வெயில் இவன் தலையில் ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

அமெரிக்க டிவியில் வந்த அறிவியல் புனைவுத் தொடர்களில் மோசமானவை எவை என்று பேச்சு வந்தால் அடிக்கடி அடிபடும் பெயர் ‘கேலக்டிகா 1980’. மொத்தமே பத்து எபிசோடுதான். 1980 ஜனவரி கடைசியில் ஆரம்பித்து மே முதல் வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். நான் பிறந்த வருஷம் என்பதால் அதன் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம். சமீபத்தில் பத்தையும் உட்கார்ந்து பார்த்து முடித்தேன். "இதுக்கு அந்த ஆடிட் ரிப்போர்ட்டையே படிச்சிருக்கலாம்" என்றார் வீட்டம்மா. நியாயம்தான். ஆனால் பார்த்த பிறகு மூன்று நாளாக அதே நினைப்பாக இருந்தது. காரணம் அந்தத் தொடர் இல்லை, நாம்தான். நம்மைப் போல ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்துகிற குடும்பங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1978-ல் ஏபிசி சேனலில் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்று ஒரு தொடர் வந்தது. க்ளென் லார்சன் உருவாக்கியது. பன்னிரண்டு கிரகங்களில் வாழ்ந்த மனிதர்களை சைலான் என்ற இயந்திரப் படை அழித்துவிடுகிறது. தப்பித்தவர்கள் கைக்குக் கிடைத்த கப்பல்களில் ஏறிக் கிளம்புகிறார்கள். போகும் இடம் பூமி. தங்கள் இனத்தின் பதின்மூன்றாவது கூட்டம் எப்போதோ அங்கே போய்க் குடியேறியதாக ஒரு பழங்கதை. அந்த ஒரு கதையை நம்பித்தான் அத்தனை பேரும் கிளம்புகிறார்கள்.

‘ஸ்டார் வார்ஸ்’ 1977-ல் வந்து அள்ளிக்கொண்டு போன அடுத்த வருஷம் அது. எனவே ஏபிசியும் தாராளமாகவே செலவு செய்தது. ஒரு எபிசோடுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். அந்தக் காலத்து டிவிக்கு அது பெரிய தொகை. பார்ப்பவர்கள் இருந்தார்கள், ஆனால் செலவுக்குத் தகுந்த அளவு இல்லை. 1979-ல் நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் கடிதம் மேல் கடிதமாகப் போட்டார்கள். சரி, மறுபடி எடுக்கலாம், ஆனால் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று பிறந்ததுதான் ‘கேலக்டிகா 1980’.

செலவை எப்படிக் குறைத்தார்கள் என்பதுதான் பேங்க் ஆளான எனக்கு சுவாரசியம். கப்பல் பூமிக்கு வந்து சேர்ந்துவிட்டதாகக் கதையை மாற்றினார்கள். அப்புறம் விண்வெளி செட் எதற்கு? அமெரிக்கத் தெருவிலேயே கேமராவை வைத்துவிடலாம். பழைய நடிகர்களில் முக்கால்வாசிப் பேர் இல்லை. தளபதி அடாமாவாக லோர்ன் க்ரீன் ஒரு வெள்ளைத் தாடியுடன் திரும்பி வந்தார். முதல் தொடரில் சின்னப் பையனாக வந்த பாக்ஸி இப்போது வளர்ந்து ட்ராய் ஆகிவிட்டான். அவனும் அவன் கூட்டாளி டில்லனும் பறக்கும் மோட்டார் சைக்கிளில் பூமியைச் சுற்றுகிறார்கள். விண்வெளிச் சண்டை வேண்டுமா? பழைய தொடரில் எடுத்த துண்டுகளையே எடுத்து ஒட்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை சைலான்கள் தாக்குவதாக ஒரு காட்சி வேண்டுமா? 1974-ல் வந்த ‘எர்த்க்வேக்’ படத்தில் இடிந்து விழுந்த கட்டடங்கள் ஃபிலிமில் இருக்கவே இருக்கின்றன!

இதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி கொடுத்தார்கள். அமெரிக்காவில் அப்போது அந்த ஒரு மணி நேரம் குழந்தைகளுக்கும் குடும்பத்துக்குமானதாக இருந்தது. அடிதடி குறைவாக இருக்க வேண்டும், நாலு நல்ல விஷயம் சொல்லித்தர வேண்டும். எனவே கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் யாராவது நின்று பாடம் எடுப்பார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. நூறு ரூபாய் தேவைப்படும் தொழிலுக்கு நாற்பது ரூபாய் கடன் கொடுப்பது, கடனே கொடுக்காததை விட மோசம். கொடுக்கவில்லை என்றால் அந்த ஆள் வேறு வழி பார்ப்பார். நாற்பதைக் கொடுத்தால் பாதி ஷெட் கட்டுவார், மெஷினுக்கு முன்பணம் கொடுப்பார், மீதிக்கு அலைவார். கடைசியில் ஷெட்டும் இல்லை, மெஷினும் இல்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ‘கேலக்டிகா 1980’ இதே மாதிரி நாற்பது ரூபாயில் நூறு ரூபாய்த் தொழில் நடத்தப் பார்த்த கேஸ்.

ஆனால் "காசு இல்லை, அதனால் தோற்றது" என்று ஃபைலை மூட முடியவில்லை. கடைசி எபிசோடு குறுக்கே நிற்கிறது.

பத்தாவது எபிசோடின் பெயர் ‘தி ரிட்டர்ன் ஆஃப் ஸ்டார்பக்’. முதல் தொடரின் செல்லப்பிள்ளை ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் இதற்கு மட்டும் திரும்பி வந்தார். கதை இவ்வளவுதான். ஸ்டார்பக் ஒரு பாலைவனக் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறான். பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. உடைந்து கிடக்கும் சைலான் ஒன்றைக் கிடைத்த பாகங்களை வைத்துச் சரிசெய்து எழுப்புகிறான். எதிரியாக இருந்த இயந்திரத்துக்கு ‘சை’ என்று பெயர் வைக்கிறான். சண்டை போட்டுக்கொண்டே நண்பர்கள் ஆகிறார்கள். கடைசியில் அவனைக் காப்பாற்றப் போய் அந்த இயந்திரம் தன் உயிரை (உயிர் என்றே சொல்கிறேன்!) விடுகிறது.

இதுவும் அதே தொடர், அதே கஞ்ச பட்ஜெட். ஒரு பாலைவனம், விரல் விட்டு எண்ணும் நடிகர்கள், அவ்வளவே. ஆனால் மற்ற ஒன்பதையும் திட்டுகிறவர்கள்கூட இதை மட்டும் நல்லதென்று ஒப்புக்கொள்கிறார்கள். ஏன்? இது நூறு ரூபாய்க் கதையை நாற்பது ரூபாயில் காட்ட முயலவில்லை. நாற்பது ரூபாய்க்கு என்ன கதை சொல்ல முடியுமோ அதை முழுசாகச் சொன்னது.

பின்னால் ரொனால்ட் மூர் இதே கேலக்டிகாவைப் புதிதாக எடுத்தார். 2003-ல் குறுந்தொடர், அப்புறம் 2009 வரை முழுத் தொடர். 1980 சமாச்சாரத்தை அவர் கையாலும் தொடவில்லை. புதிய தொடரில் ‘33’ என்று ஒரு எபிசோடு. 33 நிமிஷத்துக்கு ஒருமுறை எதிரி வந்துவிடுவான், அத்தனை கப்பலும் தாவியாக வேண்டும். நாள்கணக்கில் யாருக்கும் தூக்கமில்லை. பெரும்பாலும் நாம் பார்ப்பது தூங்காத மனிதர்களின் முகங்களைத்தான். 2005-ல் ஹ்யூகோ விருது அதற்குக் கிடைத்தது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வந்த இயந்திர நாய் ஜீனோவை யாருக்குத்தான் பிடிக்காது? அப்புறம் அந்த நாயையே முக்கியப் பாத்திரமாக்கி ‘மீண்டும் ஜீனோ’ எழுதினார். செலவு பேப்பரும் பேனாவும்தான்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

‘கேலக்டிகா 1980’-ஐ மறுபடி யோசித்துப் பாருங்கள். ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் போக வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனால் வெளிப்படையாக இறங்கி வாழ முடியவில்லை. சைலான்கள் பின்னாலேயே வந்து பூமியையும் அழித்துவிடுவார்கள் என்ற பயம். எனவே உள்ளூர்க்காரர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் நடமாடுகிறார்கள். கப்பலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பூமிக்கு வருகிறார்கள். சொந்த கிரகத்தைப் பார்க்காத பிள்ளைகள்! புலம்பெயர்ந்தவனுக்கு இதைவிடச் சொந்தமான கதை உண்டா? அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பிள்ளைகளை எகிறிக் குதிக்க வைத்து பேஸ்பால் ஆட விட்டார்கள். தங்களுக்கென்று சொந்தக் கதை ஒன்று இருந்தும் அதை விட்டுவிட்டுப் பழைய பிலிமை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாமும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறோம் என்பது என் கருத்து.

நான் ஆரணிப் பக்கத்துக்காரன். மாற்றலில் வந்து இங்கே பழவங்காடியில் இருக்கிறேன். எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் நிகழ்ச்சி நடத்துகிறோம். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தை ஒலிக்கவிட்டு வாயசைப்பார்கள். பழைய பாட்டுக்கு ஆடுவார்கள். பெரியவர்களுக்குக் கண்ணீர் வரும், கைதட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த வசனத்தில் பாதி புரியாது. மாநிறத்துப் பையனுக்குப் பென்சிலில் மீசை வரைந்து நிறுத்துவதோடு சரி.

போன முறை பிள்ளைகளே ஒரு சின்ன நாடகம் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு ஆயா, பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் கிழக்கேகோட்டையில் தொலைந்துபோகிறார். சாலை மார்க்கெட்டில் தோவாளைப் பூ விற்கும் தமிழ்க்காரம்மா ஒருவர் கண்டுபிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். பத்து நிமிஷம். நல்லாவே இருந்தது. ஆனால் சில பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். "மேடையில போய் இந்தத் தமிழா? பாதி மலையாளம். பேசாம கட்டபொம்மனே போடுங்க." போட்டோம்.

அவர்கள் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. இங்கே மலையாளம் கலப்பது ரொம்ப சுலபம். பக்கத்து மொழி, வித்தியாசமே தெரியாமல் உள்ளே வந்துவிடும். நாம் நல்ல தமிழைக் காதில் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்? அதுவும் சரிதான். நானும் கட்டபொம்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிவாஜியின் உச்சரிப்பைப் பிள்ளைகள் கேட்கட்டும், நூறு முறை கேட்கட்டும். ஆனால் கேட்பது வேறு, பேசுவது வேறு. வாயசைத்து யாரும் ஒரு மொழியைப் பேசக் கற்றதில்லை.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இங்கே ‘போதும்’ என்பதற்கு ‘மதி’ என்பார்கள். ஒருநாள் ஃபோனில் ஆயாவிடம் "காசு அனுப்ப வேணாம் ஆயா, நீ வந்தா மதி" என்று சொல்லிவிட்டாள். "மதியா? யாரு கண்ணு அது, உன் கூட படிக்கிற பொண்ணா?" என்று அம்மா கேட்க, அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வெறும் தமாஷ்தான். ஆனால் அன்றிலிருந்து அவள் ஆயாவிடம் பேசுவது "ம்", "சரி ஆயா", "அப்பாகிட்ட குடுக்கறேன்". அவ்வளவுதான். அவள் சொன்ன அந்த வாக்கியத்தில் தப்பு ஒரு வார்த்தை. மிச்சம் எல்லாம் தமிழ், மொத்தமும் பாசம். நாம் அந்த ஒரு வார்த்தைக்குச் சிரித்து மொத்தத்தையும் நிறுத்திவிட்டோம்.

நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க முடிந்த தமிழ் நாற்பது ரூபாய்தான். பள்ளிக்கூடம் இல்லை, தெரு இல்லை, திண்ணை இல்லை. வீட்டில் சாயங்காலம் ஒரு மணி நேரம், லீவுக்கு ஊரில் பத்து நாள். அதை வைத்துக்கொண்டு நூறு ரூபாய் வேஷம் போடச் சொன்னால், அவர்கள் வேஷம்தான் போடுவார்கள். அந்த நாற்பதுக்கு அவர்களே ஒரு கதை சொன்னால் அது அவர்கள் சொத்து. வார்த்தையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். வாயை மூடிய பிள்ளையிடம் திருத்த என்ன இருக்கிறது?

பிள்ளையாரைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார் :-)

எங்கள் பழவங்காடிப் பிள்ளையாரே ஒரு மாற்றல் கேஸ்தான். திருவிதாங்கூர் தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்தபோது அங்கே காவல் இருந்த நாயர் படை வீரர்கள் கும்பிட்ட சாமி. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது வீரர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். இன்றும் கோயிலைப் பார்த்துக்கொள்வது ராணுவம்தான். அவர் கிளம்பி வந்த பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கில் அவரும் நம்மில் ஒருவர்! நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வருஷா வருஷம் இங்கே ஊர்வலமாக வந்து, முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். இவர் திரும்பவில்லை, தங்கிவிட்டார். பழைய ஊரின் நகலாக இங்கே யாரும் அவரைப் பார்ப்பதில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை அவர் முன்னால் சிதறும் தேங்காய்ச் சத்தம் இந்தத் தெருவின் சத்தமாகவே ஆகிவிட்டது.

வருகிற பொங்கலுக்கு அந்த ஆயா நாடகத்தை மேடை ஏற்ற வேண்டும் என்று மறுபடி கேட்கப் போகிறேன். கட்டபொம்மனும் இருக்கட்டும், அதற்குப் பின்னால் பத்து நிமிஷம் கொடுங்கள் என்று. ஆயா வேஷத்துக்கு என் மகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் எப்படி? பிள்ளைகள் வாயசைக்கிறார்களா, பேசுகிறார்களா?