அலமாரியும் டிரேயும்

விஞ்ஞானிகளின் மாநாட்டைப் பற்றி எழுத ஒரு ஸ்டோர் கீப்பருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் மணலியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பது வருடம் இருந்தவன். எந்தச் சாமானை எங்கே வைத்தால் அவசரத்துக்குக் கைக்குக் கிடைக்கும் என்பது தெரியும். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இந்திய அறிவியல் மாநாடு 1914 ஜனவரியில் கல்கத்தாவில் ஆரம்பித்தது. அசுதோஷ் முகர்ஜி தலைவர். வந்தவர்கள் 105 பேர், படிக்கப்பட்ட கட்டுரைகள் 35. அந்தச் சின்னக் கூட்டத்தையே ஆறு பிரிவாகப் பிரித்தார்கள்: தாவரவியல், வேதியியல், இனவரைவியல், நிலவியல், இயற்பியல், விலங்கியல். அடுத்த வருடமே மாநாடு நம் மதராஸுக்கு வந்தது. 1929-ல் மறுபடி மதராஸில் நடந்தபோது தலைவர் சர் சி.வி. ராமன்.

காலம் போகப் போகப் பிரிவுகள் பெருகின. 2000-ல் உட்கார்ந்து யோசித்து எல்லாவற்றையும் கலைத்து அடுக்கி 14 பிரிவாக ஆக்கினார்கள். வேளாண்மையும் வனமும் ஒன்று. கால்நடையும் மீன்வளமும் ஒன்று. சுற்றுச்சூழலுக்குத் தனிப் பிரிவு, கம்ப்யூட்டருக்கும் தகவல் தொடர்புக்கும் தனிப் பிரிவு, மருத்துவம் தனி, புவி அமைப்பு தனி. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

2023 ஜனவரியில் நாக்பூரில் 108-வது மாநாடு நடந்தது. 2024 ஜனவரியில் நடக்க வேண்டிய அடுத்த மாநாடு, மத்திய அரசின் அறிவியல் துறைக்கும் மாநாட்டுச் சங்கத்துக்கும் பணம் தொடர்பாக வந்த தகராறில் தள்ளிப்போனது. பிறகு 2025 நவம்பரில் அரசே டெல்லியில் வேறொரு பெரிய மாநாட்டைக் கூட்டியது. அதில் 11 தலைப்புகள். தாவரவியல், விலங்கியல் என்ற பழைய பெயர்கள் இல்லை. செயற்கை நுண்ணறிவு, செமிகண்டக்டர், குவாண்டம், விண்வெளி, நீலப் பொருளாதாரம் என்று வரிசை போகிறது. முன்பு பாடத்தை வைத்துப் பிரித்தார்கள், இப்போது தொழிலை வைத்துப் பிரிக்கிறார்கள்.

காலத்துக்கு ஏற்ப மாற வேண்டியதுதான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஆறு, பதினான்கு, பதினொன்று என்று எப்படி மாற்றி அடுக்கினாலும், நம் பக்கத்து ஆள் ஒருவன் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் எந்தக் கதவைத் தட்டுவது?

2023 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எர்ணாவூரில் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. காட்டுக்குப்பத்தில் படகு, வலை எல்லாம் தார் பூசியது போல். இறக்கை நனைந்த கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தோம்.

சில மாதம் கழித்து, எனக்குத் தெரிந்த ஒரு மீனவத் தம்பி கேட்டார்: "அண்ணே, நீங்க கம்பெனில இருந்தவரு. எறா எப்பண்ணே பழையபடி வரும்? வந்தா பசங்களுக்குக் குடுக்கலாமா?"

இரண்டே வரிக் கேள்விதான். இதைப் பதினான்கு பிரிவில் எதில் வைப்பீர்கள்? எண்ணெயில் என்ன இருக்கிறது என்பது வேதியியல். அது சேற்றில் எவ்வளவு ஆழம் இறங்கும், அடுத்த மழையில் எங்கே போகும் என்பது புவி அமைப்பு. இறால் குஞ்சு பிழைக்குமா என்பது மீன்வளம். அலையாத்திச் செடி துளிர்க்குமா என்பது தாவரம். தின்றால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது மருத்துவம். ஐந்து கதவு ஆகிவிட்டது. ஒவ்வொரு கதவிலும் நல்ல ஞானிகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கை ஒழுங்காகச் சொல்வார். ஆனால் ஐந்து பதிலையும் சேர்த்து "ஆமாம், குடுக்கலாம்" அல்லது "இன்னும் வேண்டாம்" என்று சொல்ல ஆள் இல்லை. சேர்த்துப் பார்க்கிற வேலை கடைசியில் அந்தத் தம்பியின் தலையில்தான் விழுகிறது.

"அதற்குத்தான் சுற்றுச்சூழல் என்று தனிப் பிரிவு வைத்தார்களே" என்பீர்கள். இங்கேதான் என் ஸ்டோர்ஸ் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டோர்ஸில் எல்லாம் இனவாரியாக இருந்தது. பேரிங் ஒரு ரேக், கேஸ்கெட் ஒரு ரேக், வால்வு ஒரு ரேக், போல்ட் நட்டு ஒரு மூலை. எண்ணிக்கை சரி பார்க்க, புதிதாக வாங்க, அது மிக நல்ல முறை. ஆனால் ஷட்டவுன் வந்தால் கதை வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுவிட்டு ஃபிட்டர் ஓடி வருவார். பேரிங் ஒருவரிடம், சீல் இன்னொருவரிடம், கேஸ்கெட்டுக்கு வேறு கவுண்டர். மூன்று சீட்டு, மூன்று கையெழுத்து. எல்லாம் வாங்கிக்கொண்டு போனால் கேஸ்கெட் சைஸ் பொருந்தாது.

முதலில் நாங்கள் செய்த தவறு என்ன தெரியுமா? "அவசரச் சாமான்" என்று புதிதாக ஒரு ரேக் வைத்தோம். ஆறு மாதத்தில் அதுவும் இன்னொரு ரேக் ஆகிவிட்டது. அதற்கும் ஒரு ஆள், அதற்கும் ஒரு சீட்டு. அது போதாதென்று மற்ற கவுண்டர்காரர்கள் "அது அவசர ரேக்கில் கேளுங்கள்" என்று கைகாட்டவும் ஆரம்பித்தார்கள்.

பிறகு ஒரு மூத்த சூப்பர்வைசர் சொன்ன வழிதான் பலித்தது. ரேக்குகளைத் தொடவே இல்லை. ஷட்டவுனுக்கு ஒரு வாரம் முன்பு, எந்தெந்த பம்ப், எந்தெந்த வால்வு என்று வேலைப் பட்டியலை வாங்கினோம். ஒரு வேலைக்கு ஒரு டிரே. அந்த வேலைக்கு வேண்டிய எல்லாச் சாமானையும் எல்லா ரேக்கிலிருந்தும் எடுத்து அந்த டிரேயில் போட்டு, ஃபிட்டரைக் கூப்பிட்டுக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டோம். வேலை முடிந்ததும் மீதி அதனதன் ரேக்குக்குத் திரும்பிப் போய்விடும்.

அறிவியல் கூட்டங்களுக்கும் இதுதான் தேவை என்பது என் கட்சி. பிரிவுகள் இருக்கட்டும். ஒரு வேதியியல் கட்டுரையின் தப்பைப் பிடிக்க இன்னொரு வேதியியல்காரரால்தான் முடியும். அந்தக் கட்டுப்பாடு போனால் விஞ்ஞானம் வெறும் மேடைப் பேச்சாகிவிடும். ஆனால் புதிது புதிதாக அலமாரி செய்வதைக் குறைத்துக்கொண்டு, டிரே போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. நூலகத்தில் நம்மவர் ஒருவர் இதை எப்போதோ யோசித்துவிட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டன் கடையொன்றில் பிள்ளைகள் விளையாடும் மெக்கானோ செட்டைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. அதே பட்டை, அதே திருகுதான், ஆனால் வேண்டியபடி மாட்டி வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். புத்தகத்தை ஏற்கெனவே வெட்டிவைத்த பொந்தில் திணிக்காமல், பொருள், இடம், காலம் என்று துண்டுகளைக் கோத்து அதற்கு எண் தரும் கோலன் பகுப்பு முறையை 1933-ல் வெளியிட்டார்.

நம் ஊருக்கே ஒரு உதாரணம் உண்டு. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டது. காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்து ஓர் இடத்துக்கு ஒரு மதிப்பெண். 70-ஐத் தாண்டினால் மிக மோசமான பகுதி. மணலிக்கு 76.32. காற்றைத் தனியாக, தண்ணீரைத் தனியாக அளந்துகொண்டிருந்தவரை நாம் சொன்னது புலம்பலாகத்தான் இருந்தது. இடத்தை வைத்துக் கேட்டபோதுதான் அது ஓர் எண்ணாகி, டெல்லி வரை போனது.

ஆகையால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டெல்லி மாநாடாக இருந்தாலும், நம் கல்லூரிகளில் நடக்கும் சின்னக் கருத்தரங்கமாக இருந்தாலும், 1980 முதல் தமிழில் விஞ்ஞானம் பேசிவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவர்கள் கூட்டும் கூட்டமாக இருந்தாலும் சரி, அரை நாள் ஒதுக்குங்கள். அந்த அரை நாளுக்குப் பாடப் பெயர் வேண்டாம், கேள்விதான் தலைப்பு. "எண்ணூர் இறாலைப் பிள்ளைகள் சாப்பிடலாமா?" என்றே போர்டில் எழுதுங்கள். ஐந்து பிரிவிலிருந்தும் ஆள் வரட்டும். கேள்வி கேட்டவரும் மேடையில் உட்காரட்டும், ஏனென்றால் டிரேயில் ஏதாவது குறைந்தால் ஃபிட்டருக்குத்தான் முதலில் தெரியும். கடைசியில் ஒரே ஒரு பக்கம், தமிழில்: இது தெரியும், இது தெரியாது, தெரியாததை இன்னார் இத்தனை மாதத்தில் பார்த்துச் சொல்வார்.

இத்தனை பேரை ஒன்றாக உட்காரவைப்பது கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான். ஷட்டவுனுக்கு முந்தைய வாரம் நாங்களும் சாப்பிட நேரமில்லாமல்தான் டிரே அடுக்கினோம். ஆனால் அதற்குப் பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கவுண்டர் கவுண்டராக ஓடவில்லை.

அந்தத் தம்பிக்கு அன்று நான் சொன்ன பதில், "விசாரிச்சுச் சொல்றேன்பா" என்பதுதான். நாலைந்து இடத்தில் விசாரித்தும் பார்த்தேன். ஒவ்வொருவரும் மரியாதையாக அடுத்த கவுண்டரைக் காட்டினார்கள். அவர் இன்னமும் கழிமுகத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். எதிரே பார்த்தால் வணக்கம் சொல்கிறார், எறாவைப் பற்றிக் கேட்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.