கம்மியா ஓடின கார் நல்ல காரா?
1/ அமெரிக்காவில இருக்கிற நண்பன் 2002 மாடல் போர்ஷே 911 வாங்கப் போறான். "கம்மியாதான்டா ஓடியிருக்கு"ன்னு பெருமை. எனக்கு அங்கதான் சந்தேகம்.

2/ 1999–2005 சாதாரண 911 எஞ்சின்ல (டர்போ, ஜிடி3 வேற) ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு. கேம்ஷாஃப்டைச் சுழற்றுற நடுத்தண்டைத் தாங்குறது. அது உடைஞ்சா எஞ்சினே காலி. பல நேரம் முன்னறிகுறி இருக்காது.

3/ "ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்ல டாக்டர்"னு வர்றவங்களுக்கு பிபி பார்த்தா 180 இருக்கும். நிறுத்தியே வெச்ச காரும் அப்படித்தான். ஆயில் மாத்தினாங்களான்னு யாருக்குத் தெரியும்?

4/ சர்வீஸ் பில் கேளுங்க. பேரிங் மாத்தியாச்சான்னு பாருங்க. ஆயில் ஃபில்டரை வெட்டி, உலோகத்துகள் இருக்கான்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. விடமாட்டேன்னா வாங்காதீங்க.

5/ பழசானா கார் விலை குறையும். ரிப்பேர் செலவு குறையாது.