மாடியை எண்ணினோம், வாய்க்காலை விட்டோம்

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவின் பழைய தனி வீடு ஒன்று இடிபட்டு, கீழே ஸ்டில்ட் விட்டு மேலே எட்டு ஃபிளாட் வரப்போகிறது என்று தெரிந்ததும் நலச்சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. தண்ணீர் எங்கே, கழிவுநீர் எங்கே போகும், கார் எங்கே நிற்கும் என்று ஆளுக்கு ஆள் கேட்டோம். கேள்விகளில் தவறில்லை. அவற்றை இருபது வருடம் கேட்காமல் இருந்ததுதான் எங்கள் தவறு.

நாங்கள் எப்படி இங்கே வந்தோம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் பலர் வாங்கியது பஞ்சாயத்து அப்ரூவல் மனை. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. விலை கட்டுப்படியானது, வாங்கிவிட்டோம். அனுமதிக்கு மேல் ஒரு மாடி எழுப்பியவர்கள், 1999-க்கு முந்தைய கட்டடங்களுக்கான வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டினோம். மனைக்கு அனுமதி இல்லாதவர்கள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கான திட்டத்தில் கட்டினோம். எங்களுக்காகச் சட்டம் இரண்டு முறை இறங்கி வந்தது. எங்களுக்குப் பிறகு வருகிறவர் முறைப்படி பிளான் அப்ரூவல் வாங்கிக் கட்டும்போது, தெரு கெட்டுப்போகிறது என்கிறோம்.

2019-ல் புதிய கட்டட விதிகள் வந்து, சாதாரணக் கட்டடத்துக்கான தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டு மனையில் 3,600 சதுர அடி கணக்கிடப்பட்ட இடத்தில் இனி 4,800. இது எங்கள் தெருவின் தலையெழுத்தை மாற்றும் எண். எதிர் வீட்டு வாசலில் ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் அதைத் தெரிந்துகொண்டோம். பரப்பைக் கூட்டுங்கள், ஆனால் அதற்கு முன் சாக்கடைக் குழாயைப் போடுங்கள் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். பக்கத்து ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, அந்த ஊர் மக்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று கையிலிருந்து பணம் கட்டிப் பாதாளச் சாக்கடை கொண்டுவந்தார்கள். நாங்கள் செப்டிக் டேங்க் லாரிக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

வாய்க்காலைப் பற்றி எழுதத்தான் கை கூசுகிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு என்று தண்ணீருக்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியில் சேர வேண்டிய எங்கள் தெருக் கால்வாயின் மேல் சிலாப் போட்டு, கார் ஏறச் சரிவு கட்டியது வேறு யாரோ அல்ல, நாங்கள்தான். வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண் விடாமல் சிமெண்ட் பூசினோம். 2003-ல் கட்டாயமான மழைநீர்த் தொட்டி பெரும்பாலான வீடுகளில் தூர்ந்து கிடக்கிறது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முட்டிக்கு மேல் தண்ணீர் நின்றபோது எங்கள் தெருவில் ஒரு அடுக்குமாடிகூட இல்லை. இருந்தவை எல்லாம் தனி வீடுகள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீடுகளில் சமைக்கும், துலக்கும் பெண்களில் பலர் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறார்கள். நகரத்துக்குள் இருந்த குடிசைகளிலிருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள் அவர்கள். எங்கள் தெருவில் சின்ன வீடுகள் கட்டலாமா என்ற பேச்சு வந்தபோது, 'ஏரியா தரம்' போய்விடும் என்று சொன்னோம். அந்தச் சொல்லை நாங்கள் திரும்பப் பெறுகிறோம்.

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2046 வரைக்குமானது. எங்கள் பேரப்பிள்ளைகள் எந்தத் தெருவில், எத்தனை பேரோடு, எந்தத் தண்ணீரைக் குடித்து வாழ்வார்கள் என்பதை அது வரையறுக்கப்போகிறது. அதைப் பற்றிப் பேச, எட்டு ஃபிளாட்டுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் அடுத்த பகுதி சபைக்கு வாருங்கள். வருவதற்கு முன் அவரவர் வாசலில் உள்ள சிலாப்பை எடுத்துவிட்டு வாருங்கள்.