‘டி’யில் போட்டால் போதுமா?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம்மவருள் பலர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ புறப்பட்டுவிடுகிறோம். அத்தகைய பயணம் ஒன்றைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது சக ஆசிரியர் ஒருவர் சொன்னார்: “ஓட்டோ காடிக்கு என்ன சார் கியர்? ‘டி’யில போட்டா போதும். அந்த ‘எஸ்’, ‘எம்’ எல்லாம் இளவட்டங்க விளையாடறதுக்கு.” அங்கிருந்தோர் தலையாட்டினர். என்னால் தலையாட்ட இயலவில்லை.

காரணம், நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தவன். சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தானா ராத்தாவிலிருந்து தாப்பா நோக்கிக் குடும்பத்தோடு இறங்கினேன். வழிநெடுக ‘டி’, வழிநெடுகப் பிரேக்கின்மேல் கால். ரிங்லெட்டைக் கடந்த பின்னர்க் கருகல் நாற்றம் வீசியது. பிரேக்கை மிதித்தால் முன்னைவிட ஆழமாக இறங்கியது. ஓரமாக நிறுத்தி அரைமணி நேரத்திற்கும் மேல் காத்திருந்தோம். “அப்பா, காடி எரிஞ்சிடுமா?” என்று மகள் கேட்டாள். மகிழுந்தில் கோளாறு எதுவும் இல்லை. ஓட்டியவனிடந்தான் கோளாறு. தாழ்ந்த கியரைப் பயன்படுத்துமாறு மலாய்மொழியில் எழுதப்பட்ட அறிவிப்புப் பலகையை, ‘அது லாரிக்காரர்களுக்கு’ என்று எண்ணிக் கடந்து வந்தவன் அல்லவா நான்!

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள மகிழுந்து 1,300 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதில் பெரும்பகுதியைக் காற்றும் சக்கர உராய்வும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை யார் ஏற்பது? கியர் உயர்ந்து நின்றால் பிரேக்கே ஏற்க வேண்டும். அது ஓயாமல் சூடேறினால் பிடிப்பு குறையும். பிரேக் எண்ணெயே கொதித்துவிடவும் கூடும். கியரைத் தாழ்த்தினாலோ, சக்கரங்கள் இயந்திரத்தை இழுத்துச் சுழற்ற வேண்டியிருப்பதால் அந்தச் சுமையில் ஒரு பங்கை இயந்திரம் தாங்கிக்கொள்ளும்.

‘எம்’ முறை இதற்கு மிகவும் ஏற்றது. கழித்தல் குறியின் பக்கம் தள்ளினால் ஒரு கியர் இறங்கும். தவறுதலாக அளவுக்கு மீறித் தள்ளினால் இயந்திரம் கெட்டுவிடுமே என்று அஞ்சுகின்றனர். சுழற்சி எல்லைமீறும் என்று கண்டால், பொதுவாக மகிழுந்தின் கணினியே அக்கட்டளையை ஏற்க மறுத்துவிடும். ‘எம்’ இல்லாத வண்டிகளில் ‘எல்’ அல்லது ‘2’ இருக்கலாம், பயன் ஒன்றே.

‘எஸ்’ முறை வேறு. அது தாழ்ந்த கியரில் நீண்ட நேரம் நிற்கும். இயந்திரத்தின் சுழற்சியை உயர்த்தி வைக்கும். மேட்டில் ஏறவும், நெடுஞ்சாலையில் லாரியை விரைந்து கடக்கவும் உதவும். எண்ணெய்ச் செலவு மட்டும் கூடும். இதனை நம் பள்ளி வாசலில் பயன்படுத்தி உறுமிக்கொண்டு செல்லும் இளம் தந்தையரைக் காண்கிறேன். சாலையைக் கடக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு உங்கள் இயந்திரத்தின் முழக்கம் எதற்கு? அவ்விடத்தில் ‘டி’யும் பிரேக்கின்மேல் காலுந்தான் அறிவு.

“புதிய மகிழுந்துகள் சரிவை உணர்ந்து தாமே கியரைக் குறைக்கின்றனவே” என்பர். உண்மை, சில குறைக்கின்றன. ஆனால், அந்தக் கியர்ப்பெட்டி வண்டி ஓடும் வேகத்தை உணருமேயன்றி, அடுத்த வளைவுக்கு அப்பால் காய்கறி லாரி நிற்பதைப் பார்க்காது. முன்னே பார்ப்பவர் நாம். முடிவெடுக்க வேண்டியவரும் நாமே.

நம் நாட்டில் 2014 முதல் தானியங்கி மகிழுந்துக்கென்றே ‘டிஏ’ உரிமம் வழங்கப்படுகிறது. அதில் இழிவு ஒன்றுமில்லை. கிளட்சை மிதிக்கத் தெரியாமல் இருக்கலாம். கியர் எதற்கு என்று தெரியாமல் இருக்கலாகாது. வாய்பாட்டை ஒப்பிக்கும் மாணவனுக்குப் பெருக்கலின் பொருள் தெரியவில்லையெனில் நாம் விட்டுவிடுகிறோமா?

ஆகவே, மலைக்குச் செல்லுமுன் இவற்றை நினைவிற்கொள்க:

1. கியரை வளைவுக்குள் குறைக்காதீர். வளைவுக்கு முன்னரே குறைத்திடுக.

2. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர். தேவையானபோது அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்திடுக.

3. எண்ணெய் மிச்சம் என்று எண்ணி ‘என்’னில் உருளவிடாதீர். கியரில் இறங்கும்போது, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தாலே இக்கால இயந்திரங்கள் பெரும்பாலும் எரிபொருளை நிறுத்திவிடும். ‘என்’னிலோ எரிபொருளும் செலவாகும், இயந்திரத்தின் பிடிப்பும் போய்விடும்.

4. மழையில் இரண்டு மூன்று கியர்களை ஒருசேர இறக்காதீர், சக்கரம் வழுக்கக்கூடும்.

5. கியரால் வேகம் குறையும்போது பின்விளக்கு எரியாது. பின்னால் வருபவர் மிக நெருங்கி வந்தால், பிரேக்கை மெல்லத் தொட்டு அவருக்கு உணர்த்துக.

வீட்டருகே ஆளில்லாச் சமதளச் சாலையில் ஒரு ஞாயிறு காலை இதனைப் பழகிப் பாருங்கள். அரைமணி நேரம் போதும். பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டு வருபவர்கள் நம் பிள்ளைகள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.