கெய்ராங்கரும் கப்பல் விருந்தாளிகளும்

நார்வே தேசத்தின் மேற்குக் கரையில், திறந்த கடலிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம் மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து உட்புகும் ஒரு நீர்வழியின் கடைக்கோடியில், கெய்ராங்கர் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே வசிக்கிறவர்கள் சுமார் 250 பேர். கோடைகாலத்தில் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று வந்து நங்கூரம் பாய்ச்சிவிட்டால், மதியத்துக்குள் ஊர் ஜனங்களைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட அந்நியர்கள் கரையில் இறங்கிவிடுகிறார்கள். சில நாட்களில் இரண்டு மூன்று கப்பல்கள் ஒன்றாக வந்து நிற்பதும் உண்டு. மாலையில் சங்கு ஊதியதும் அத்தனை பேரும் திரும்பிப் போய்விடுகிறார்கள். இந்த விருந்தாளிகளுக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கும் இடையே உள்ள கொடுக்கல் வாங்கல் நியாயமாக நடக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த நீர்வழியை ஃபியோர்டு என்பார்கள். ஆதி காலத்தில் பிரம்மாண்டமான பனிப்பாறைகள் தம்முடைய பாரத்தினாலே மலைகளைக் குடைந்து ஆழப்படுத்திய பள்ளத்தாக்குகளில், பனி உருகி விலகிய பிறகு கடல் வந்து நிறைந்துகொண்டது. கெய்ராங்கர் ஃபியோர்டின் நீளம் 15 கிலோமீட்டர். ஆழம் 260 மீட்டர் வரை போகிறது. பக்கத்து மலைகளின் சிகரங்கள் 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. பன்னிரண்டு பதினான்கு மாடிகள் கொண்ட கப்பல் இவ்வளவு தூரம் மலைகளுக்குள்ளே நுழைந்து ஊரின் வாசலில் நிற்க முடிவதும் இந்த ஆழத்தினாலேதான். பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் ஏழு சகோதரிகள் என்ற அருவி உயரத்திலிருந்து ஏழு இழைகளாக விழுவதையும், எதிர்க்கரையில் அவர்களை மணக்க வந்த காதலன் என்று ஜனங்கள் பெயர் வைத்திருக்கும் மற்றோர் அருவி தனியே விழுவதையும் கண்டவர்கள், யுனெஸ்கோ ஸ்தாபனம் 2005ஆம் ஆண்டில் இந்த ஃபியோர்டையும் தெற்கே உள்ள நேரோய் ஃபியோர்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்ததில் ஆச்சரியம் கொள்ளமாட்டார்கள்.

ஆனால் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தவை அருவிகள் அல்ல. அருவிகளுக்குப் பக்கத்திலே, கழுகுதான் கூடு கட்டும் என்று நினைக்கத்தக்க மலை விளிம்புகளில், மனிதர்கள் கட்டி வாழ்ந்த பண்ணை வீடுகளே. ஸ்காகெஃப்லோ என்ற பண்ணை நீர்மட்டத்திலிருந்து 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே படகிலிருந்து இறங்கி, பாறையில் பதித்த படிகளிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டிய இடங்களிலும் மூச்சு வாங்க ஏறிப் போனால், மேலே ஒரு சிறு புல்வெளியும், கூரைமேல் புல் வளர்ந்திருக்கும் மர வீடுகளும் தென்படுகின்றன. அந்த வெளியின் விளிம்புக்கு அப்பால் அடுத்த அடி வைக்கத் தரை கிடையாது. குழந்தைகள் விளையாடும்போது விழுந்துவிடாதபடி அவர்களைக் கயிற்றால் கட்டிவைப்பார்களாம்; வரி வசூலிக்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். உப்பு முதல் விதை வரை எல்லாவற்றையும் முதுகிலே சுமந்து ஏறிய அந்த ஜனங்கள் 1916இல் ஸ்காகெஃப்லோவை விட்டு இறங்கினார்கள். ஏழு சகோதரிகளின் பக்கத்திலுள்ள க்னிவ்ஸ்ஃப்லோ பண்ணையோ, தலைக்கு மேலே தொங்கும் பாறை எந்த நேரமும் விழலாம் என்ற பயத்தினாலே 1898லேயே கைவிடப்பட்டது. 1993இல் நார்வே மன்னர் ஹரால்டும் ராணி சோன்யாவும் தங்கள் திருமணத்தின் வெள்ளி விழாவைக் கொண்டாட, தேசத்திலுள்ள அரண்மனைகளையெல்லாம் விட்டுவிட்டு ஸ்காகெஃப்லோவின் புல்வெளியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அந்த எளிய குடியானவர்களின் வாழ்க்கைக்குத் தேசம் செய்த மரியாதை என்றே அதைக் கருதவேண்டும். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வீடுகள் பழுப்பு நிறப் புள்ளிகளாக ஒரு நிமிஷம் தெரிந்து மறைகின்றன.

பிரயாணிகள் இங்கே வருவது புதிதன்று. முதல் உல்லாசப் படகு 1869இல் வந்தது. மலையைக் கடந்து வரும் பாதை 1889இல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் பெரிய ஹோட்டல் எழும்பியது. ஜெர்மனியின் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம், உலக யுத்தம் மூளும் வரையில், கோடைதோறும் நார்வேயின் ஃபியோர்டுகளுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். அந்தக் காலத்து யாத்திரிகர் குதிரை வண்டியில் மலை ஏறி, ஊரில் உண்டு, ஊரில் உறங்கி, ஊராருக்குக் கூலி கொடுத்துவிட்டுப் போனார். இன்றைய கப்பல் பிரயாணியின் நிலை முற்றும் வேறு. உணவுக்கும் படுக்கைக்கும் அவர் முன்பே கப்பல் கம்பெனிக்குப் பணம் கட்டிவிட்டார். மலை உச்சிக்குப் போகும் பஸ்ஸுக்கும் பெரும்பாலும் கப்பலிலேயே சீட்டு வாங்கிவிடுகிறார். மத்தியான போஜனத்துக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுகிறார். ஊருக்கு மிஞ்சுவது ஒரு கோப்பைக் காப்பியின் விலையும், ஒரு கம்பளித் தொப்பியின் விலையுமாகவே பல சமயங்களில் இருக்கிறது.

அவர் விட்டுச் செல்வதில் இன்னொன்றும் உண்டு, அது புகை. நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பல் ஓய்ந்து கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான அறைகளின் விளக்குகளுக்கும், சமையற்கூடங்களுக்கும், வெந்நீர்க் குளங்களுக்கும் மின்சாரம் வேண்டியிருப்பதனால் அதன் இயந்திரங்கள் பகல் முழுவதும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. திறந்த சமுத்திரத்திலே காற்று அந்தப் புகையைக் கலைத்துவிடும். மூன்று புறமும் செங்குத்தான மலைச்சுவர் சூழ்ந்த இந்த நீர்த்தொட்டியிலோ, காற்று அசையாத நாட்களில், புகை மேலே போக வழியின்றி மலையின் இடுப்பளவில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு படலமாகப் படிந்துவிடுகிறது. 1842இல் கட்டப்பட்ட, எட்டுக் கோண வடிவமுள்ள வெள்ளை மரத் தேவாலயம் சரிவிலே நிற்கிறது. அதன் முற்றத்திலிருந்து ஒரு ஜூலை மாதக் காலையில் நான் கீழே பார்த்தபோது, எதிர்மலையின் அடிப்பாகம் தெளிவாகத் தெரிந்தது, உச்சியும் தெளிவாகத் தெரிந்தது, நடுவில் மட்டும் அழுக்குத் துணியைக் குறுக்கே கட்டியதுபோல ஒரு பட்டை. சுத்தமான காற்றைத் தேடிப் பாதி உலகத்தைக் கடந்து வருகிறவர்கள், அந்தக் காற்றையே கெடுத்துவிட்டுப் போகிற அநியாயத்தை இதைவிடக் கண்கூடாகக் காட்டமுடியாது.

நார்வேயின் பாராளுமன்றமாகிய ஸ்டோர்ட்டிங், 2018ஆம் ஆண்டில், உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் வரும் பிரயாணிக் கப்பல்கள் 2026ஆம் ஆண்டுக்குள் புகையே வெளியிடாதவையாக மாறவேண்டும் என்று தீர்மானித்தபோது, உலகத்துக்கே வழிகாட்டும் தீர்மானம் என்று பலரும் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் தீர்மானம் முழுமையாக நிறைவேறவில்லை. 10,000 டன்னுக்குக் குறைந்த அளவுடைய கப்பல்களுக்கு 2026 ஜனவரி முதல் விதி அமலாக, அதற்கு மேற்பட்ட பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தவணை கொடுக்கப்பட்டுவிட்டது. பெரிய கப்பல்களை இயக்கத்தக்க புகையற்ற எரிபொருளும் இயந்திரமும் இன்னும் பக்குவமாகவில்லை என்பது அரசாங்கம் சொல்லும் காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் விளைவைப் பாருங்கள்: ஃபியோர்டுக்குள்ளேயே தொழில் செய்கிற சிறிய உல்லாசப் படகுக்காரர் கடன் வாங்கியாவது மின்கலப் படகுக்கு மாறவேண்டும், மூவாயிரம் பேரைச் சுமந்துவரும் மிதக்கும் நகரத்துக்கு மட்டும் ஆறு ஆண்டு சலுகை. பளுவைத் தாங்க வலுவுள்ளவன் தோளில் வைக்காமல், இளைத்தவன் தோளில் வைப்பது எந்த தேசத்திலும் தர்மம் ஆகாது. எரிபொருள் பக்குவமாகவில்லை என்றால் பெரிய கப்பல்கள் அதுவரை வெளியே, ஓலேசுண்ட் போன்ற கடலோர நகரங்களின் துறைமுகத்தில் நிற்கட்டும்; பார்க்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து பஸ்ஸிலும் சிறு படகிலும் உள்ளே வரட்டும். கப்பல் கம்பெனிகளுக்கு இது அசௌகரியம். அசௌகரியம் ஒன்றே சட்டத்தைத் தள்ளிவைக்கப் போதிய காரணம் ஆகாது.

ஊராரில் ஒரு பகுதியினர் என் கட்சியில் இல்லை என்பதை நான் அறிவேன். குளிர்காலத்தில் தெற்கேயுள்ள மலைப்பாதை பனியால் மூடப்பட்டுவிடுகிறது. ஹோட்டல்களும் கடைகளும் பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கின்றன. கோடையின் நான்கைந்து மாத வருமானத்தை வைத்துத்தான் ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்தவேண்டும். கப்பல்கள் வருவது நின்றால் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், பண்ணைகள் பாழடைந்ததுபோல ஊரும் பாழடையும் என்று அவர்கள் அஞ்சுவதை அலட்சியம் செய்வதற்கில்லை. அதற்குப் பரிகாரம் ஜனத்திரளை அதிகப்படுத்துவதன்று. வருகிறவர்கள் சற்று நேரம் தங்கவும், தங்குகிறவர்கள் ஊருக்குச் செலவழிக்கவும் ஏற்பாடு செய்வதே. 2025இல் நார்வே இயற்றிய சட்டம், பிரயாணிகள் மிகுதியாக வரும் ஊர்களின் நகரசபைகள் தங்குமிடக் கட்டணத்தின் மேல் மூன்று சதவீத வரி விதிக்கவும், கப்பலில் வருகிறவர்களையும் அந்த வரிக்குள் கொண்டுவரவும் இடம் தந்திருக்கிறது. கழிப்பிடமும் நடைபாதையும் குப்பை அகற்றுவதும் இருநூற்றைம்பது பேரின் தலையில் விழும் ஊரில், அந்த வரியை விதிக்கத் தயங்கவே கூடாது.

இன்னும் ஒரு விஷயம். கெய்ராங்கருக்குப் போகும் கப்பல், சுன்னில்வ் ஃபியோர்டு வழியாக வரும்போது, ஓக்கர்னெஸ் என்ற மலைச்சரிவைக் கடந்து வருகிறது. அந்தச் சரிவின் பெரும்பகுதி தாய்மலையிலிருந்து பிளந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராக நீரை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அது மொத்தமாகச் சரிந்து விழுந்தால் எழும்பும் பேரலை, பத்து நிமிஷ அளவில் கெய்ராங்கரை வந்தடையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி இரவில், பக்கத்திலுள்ள தாஃப்யோர்டில் இப்படித்தான் ஒரு மலைப்பகுதி நீரில் விழுந்து, உறங்கிக்கொண்டிருந்த நாற்பது பேரை அலை வாரிக்கொண்டு போயிற்று. இப்போது விஞ்ஞானிகள் சரிவின் பிளவுகளில் கருவிகளைப் பதித்து இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள்; நாட்கணக்கில் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும் என்று நம்பப்படுகிறது; ஊராருக்கு அபாயச் சங்கின் ஒலியும் மேட்டுக்கு ஏறும் வழியும் தெரியும். இவ்வளவும் தெரிந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்க்கிறார்களே, அவர்களுடைய மனத்திடத்தை நான் வணங்குகிறேன். ஆனால் வழி தெரியாத, பாஷை தெரியாத, வயது முதிர்ந்த பல ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் அந்தக் குறுகிய கரையில் நிற்கும் நாளில் அவர்கள் அத்தனை பேரையும் மேடேற்றும் பொறுப்பும் அந்தச் சிற்றூரின் மேலேயே விழுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் இறங்கலாம் என்பதற்கு வரம்பு கட்ட இந்த ஒரு காரணமே போதும்.

கப்பலில் போவதை விட்டால் வேறு வழி கிடையாது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓலேசுண்ட் நகரத்திலிருந்து பஸ்ஸில் ஹெல்லெசில்ட் என்ற கிராமத்துக்கு வந்து, அங்கிருந்து காரும் மனிதர்களும் சேர்ந்து ஏறும் சாதாரணப் படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே சென்றால், கப்பல் போகிற அதே ஃபியோர்டின் வழியாக, அதே அருவிகளின் அடியில் கெய்ராங்கரை அடையலாம். அந்தப் பிரதேசத்தின் படகுகளில் ஸ்வேலெ என்று தடித்த, மெத்தென்ற ஒரு பணியாரத்தைச் சுடச்சுட இரண்டாக மடித்து, உள்ளே பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துத் தருவார்கள். பாலின் தெளிநீரை நெடுநேரம் சுண்டக் காய்ச்சி எடுக்கும் அந்தக் கட்டி, நம்முடைய பால்கோவாவைப் போலவே இனிப்பும் தீய்ந்த வாசனையுமாக இருக்கும். ஓர் இரவு ஊரில் தங்குங்கள். கப்பல்கள் புறப்பட்டுப் போன பிறகு அங்கே வடக்கு தேசத்துக் கோடையின் நீண்ட மாலை வெளிச்சம் இருக்கிறது. ஊரார் தங்கள் தெருவில் தாங்களே நடப்பதைக் காணலாம். மறுநாள் காலையில் ஊர்ப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டு ஸ்காகெஃப்லோவுக்கு ஏறுங்கள். செலவு சற்று அதிகமாகும். அந்தச் செலவு போய்ச் சேரவேண்டிய கைகளுக்குப் போய்ச் சேரும்.